காற்றாலையும் கொடுத்த வாக்கும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கரிமம் குறைந்த பொருளாதாரத்துக்கான எரிசக்திக் கொள்கைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உலகளாவிய இந்தத் தலைப்பைத் தமிழ்நாட்டு மின்சாரத்துக்குள் வைத்தே பேசுகிறேன். வரிச்சலுகை, நிலையான கொள்முதல் விலை, ஏலம், மின்சார பேங்கிங், இலவச மின்சாரம் என்று பாடநூல்களில் தனித்தனி அதிகாரங்களாக வரும் கருவிகள் எல்லாம் இந்த ஒரே மண்ணில் நாற்பது ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. எது பலித்தது, எது கெட்டது என்று தெரிந்துகொள்ள நாம் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலுக்கும் கயத்தாற்றுக்கும் போனால் போதும்.

நான் சொல்ல வந்ததன் மையத்தை ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மெகாவாட் காற்றாலைக்கு 7 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல இடத்தில் நின்றால் அது ஆண்டுக்கு 25 லட்சம் யூனிட் தரும். போட்ட பணத்தை 20 ஆண்டுகளில் சம தவணையாகத் திருப்ப வேண்டும். வட்டி 8 விழுக்காடு என்றால் ஒரு யூனிட்டின் மீது விழும் முதலீட்டுச் செலவு 2 ரூபாய் 85 காசு. வட்டி 12 விழுக்காடு என்றால் 3 ரூபாய் 75 காசு. காற்று அதேதான், இயந்திரமும் அதேதான். வட்டி நான்கு விழுக்காடு ஏறியதற்கு யூனிட்டுக்கு 90 காசு கூடிவிட்டது. நிலக்கரி நிலையத்தில் இப்படி ஆவதில்லை. அங்கே செலவின் பெரும்பங்கு அன்றாடம் எரிக்கும் நிலக்கரியில் இருப்பதால் வட்டி ஏறினாலும் யூனிட் விலை அவ்வளவாக ஆடாது. காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவு இல்லை. முழுச் செலவும் முதல் நாளே செய்து முடித்தாக வேண்டும்.

வட்டி எதனால் ஏறுகிறது? கடன் கொடுப்பவருக்குப் பயம் வரும்போது ஏறுகிறது. வாங்குவேன் என்று சொன்ன மின்வாரியம் வாங்குமா, வாங்கினால் பணம் வருமா, அடுத்த ஆட்சி வந்து ஒப்பந்தத்தைக் கலைத்துவிடுமா என்ற பயம் அது. ஆகவே கரிமம் குறைந்த மின்சாரத்தின் விலையில் பாதி இயற்பியல் என்றால், மீதி அரசு கொடுத்த வாக்கு எவ்வளவு பெறும் என்பது. நல்ல எரிசக்திக் கொள்கை என்று நான் எண்ணுவது நிறைவேற்றக்கூடிய வாக்கை மட்டும் கொடுத்து, கொடுத்ததை 20 ஆண்டுகள் காப்பாற்றும் ஏற்பாட்டைத்தான்.

மின்சாரத்தில் நீரிலிருந்து தொடங்கியவர்கள் நாம். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைக்காரா நிலையம் ஓடத் தொடங்கியதும் அந்த மின்சாரம் மலையிறங்கிய பாதையில் கோயம்புத்தூர் நூற்பாலைகள் பெருகின. 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம். நிலக்கரி வயல்கள் தொலைவில் இருந்த இந்த நிலப்பகுதிக்குத் தொழில் வந்ததே அருவிகளால்தான். பின்னாளில் தேவை அணைகளைத் தாண்டிப் போனபோதுதான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் வெளியிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியும் முதன்மையாயின.

காற்று வந்த கதை டென்மார்க்கில் தொடங்குகிறது. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது அந்த நாடு தன் எரிசக்தியில் மிகப் பெரும்பகுதியை இறக்குமதி எண்ணெயில் வைத்திருந்தது. அடி பட்டதும் காற்றாலைக்கு மானியம் தர முடிவு செய்தார்கள். ஆனால் ரீசோ சோதனை நிலையம் சான்றளித்த இயந்திரத்துக்கு மட்டுமே மானியம் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஊர்க்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு காற்றாலைக்குப் பங்குதாரராகவும் வழி இருந்தது. அந்தப் பட்டறைகளில் தேறி வந்த 55 கிலோவாட் இயந்திரங்கள்தாம் 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் மாதிரிக் காற்றாலைகளாக நின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலை நமக்கு நான்கு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, இந்த இடைவெளிகளில் நெருக்குண்டு வேகம் பிடித்து நம் பக்கம் இறங்குகிறது. மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை சீசன். இப்படி ஒரு கொடை உலகில் சில இடங்களுக்கே வாய்த்திருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கையாண்ட முதல் பெரிய கருவி வரிச்சலுகை.

1990-களில் காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரி விதி இருந்தது. வரி கட்டும் அளவுக்கு லாபம் ஈட்டிய நிறுவனங்கள் நிதியாண்டு முடிவதற்குள் எப்படியாவது ஒரு காற்றாலையை நட்டுவிட ஓடின. பணம் வந்து குவிந்தது உண்மை. ஆனால் சலுகை, இயந்திரம் நின்றதற்குக் கிடைத்தது, சுற்றியதற்குக் கிடைக்கவில்லை. காற்றே சரியாக அளக்கப்படாத இடத்திலும் கோபுரம் எழும்பியது. பழுதானால் சரி செய்ய ஆளில்லை. டென்மார்க் வைத்த அந்தச் சிறு நிபந்தனை நம்மிடம் தொடக்கத்தில் இல்லை. சென்னையில் காற்றாலைத் தொழில்நுட்ப மையம் வந்ததே 1998-இல்தான். 2009-இன் இறுதியில், உற்பத்தியாகும் யூனிட் ஒன்றுக்கு 50 காசு ஊக்கத்தொகை என்று மத்திய அரசு அறிவித்தது. இரும்புக்குக் கொடுப்பதை விட்டு மின்சாரத்துக்குக் கொடுக்கத் தொடங்கிய சரியான திருப்பம் அது. ஆனால் 2012-இல் ஊக்கத்தொகையும் போனது, விரைவுத் தேய்மானச் சலுகையும் போனது, இரண்டும் ஒரே சமயத்தில். முந்தைய ஆண்டு நாட்டில் 3,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டிருந்தது. அந்த ஆண்டு 1,700 அளவுக்கு விழுந்தது. பிறகு ஒன்று 2013-இலும் மற்றொன்று 2014-இலும் திரும்பி வந்தன. இறகு செய்யும் தொழிற்சாலை, கோபுரம் செய்யும் பட்டறை, அவற்றில் வேலை கற்றுக்கொண்ட இளைஞர்கள் எல்லோரும் அந்த இடைவெளியில் என்ன ஆனார்கள் என்று கொள்கை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு சலுகையை எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தேதி சொல்லிப் படிப்படியாக எடுத்தால் தொழில் தாங்கிக்கொள்ளும்.

தமிழ்நாட்டின் காற்றாலைகளை உண்மையில் வளர்த்தது இன்னொரு விதி. வெளியில் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதுதான் வீலிங்கும் பேங்கிங்கும். கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ஒரு ஸ்பின்னிங் மில். அதன் முதலாளி கயத்தாற்றில் காற்றாலை போடுகிறார். அங்கே உற்பத்தியாகும் யூனிட், மின்வாரியத்தின் கம்பியில் வந்து மில்லின் கணக்கில் கழிகிறது. ஜூலையில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்திடம் வரவு வைத்து, காற்றில்லாத ஜனவரியில் எடுத்துக்கொள்ளலாம். வாரியம் அதற்கு ஒரு சிறு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். பைக்காரா நீரால் வளர்ந்த அதே தொழில், அரை நூற்றாண்டு கழித்துக் காற்றில் முதல் போட்டது இப்படித்தான். அரசின் பணத்துக்குக் காத்திருக்காமல், தன் மின்கட்டணத்தில் மிச்சப்படும் ரூபாயை நம்பிப் போடப்பட்ட முதலீடு அது. பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிய நம் காற்றாலைகளில் பெரும்பங்கு இந்தத் தளத்தில் எழுந்ததுதான்.

இதில் வாரியத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜூலை நள்ளிரவில் யாருக்கும் வேண்டாத யூனிட்டை அது வாங்கி வைக்கிறது. ஜனவரி மாலையில், சந்தையில் விலை கொதிக்கும் நேரத்தில், அதே ஒரு யூனிட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. எண்ணிக்கையில் இரண்டும் சமம், மதிப்பில் சமமில்லை. அந்த வித்தியாசத்தை யாரோ கட்டுகிறார்கள், பெரும்பாலும் காற்றாலை இல்லாத சிறு தொழிற்கூடக்காரர். காற்றாலைகள் சில நூறு மெகாவாட்டாக இருந்தபோது பெரிதாகத் தெரியாத சுமை, பல்லாயிரமானபோது கனத்தது. ஆகவே பேங்கிங் விதி மாற வேண்டியதுதான். எப்படி மாற்றுவது என்பதுதான் கேள்வி. பழைய காற்றாலைக்குக் கொடுத்த சொல் அதன் ஆயுள் வரை நிற்க வேண்டும். புதிதாக வருபவருக்கு நேரத்துக்கு நேரம் மதிப்பு மாறும் கணக்கை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நள்ளிரவு யூனிட் நள்ளிரவுக்கே கழியட்டும், மாலை யூனிட் மாலைக்கே கழியட்டும். நம்மிடம் நடந்தது என்னவென்றால், கட்டணம் உயர்வதும், வழக்குப் போவதும், தீர்ப்பாயம் அதை ரத்து செய்வதும், மறுபடி உத்தரவு வருவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. வழக்கு நடக்கும் விதியை நம்பி வங்கி கடன் கொடுக்காது.

இதைவிட மனத்தை வருத்தும் ஒன்று உண்டு. 2012-ஐ நினைத்துப் பாருங்கள். மாவட்டங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. அந்த இருட்டில் பரீட்சைக்குப் படித்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அந்த ஆண்டுகளில்தான் காற்று சீசனில் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவுகள் போயின. தொழிலில் அதை பேக்டவுன் என்பார்கள். திருநெல்வேலி, தேனிப் பக்கம் உற்பத்தியாகும் மின்சாரத்தை வடக்கே கொண்டுவரப் போதிய உயரழுத்தக் கம்பி இல்லை. மாநிலத்துக்கு வெளியே அனுப்பலாம் என்றால், தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒத்திசைவாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான். காற்றாலை நிற்க ஆறு மாதம் போதும். கம்பி இழுக்க ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். கம்பியை முதலில் இழுத்தால்தான் இரண்டும் பொருந்தும். 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்களும், சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டத்தின் புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின்னோட்டப் பாதையும் பின்னர் வந்தன. அந்தப் பாதையில் காற்று சீசனில் நம் மின்சாரத்தைத் திருப்பி வடக்கே அனுப்பவும் முடியும். ஒரு பெரிய காற்றாலைப் பூங்காவைத் திறந்து வைத்தால் செய்தி வரும், கம்பிக்கு வராது. ஆனாலும் காற்றைப் பயனாக்கியது கம்பிதான்.

பேக்டவுனில் கம்பி காரணமாக வந்தது ஒரு பாதி. மறுபாதி பணம். காற்று, சூரிய மின்சாரத்துக்குக் கட்டாயம் வாங்கும் தகுதியை மின்தொகுப்பு விதிகள் தந்திருந்தன. தொகுப்பின் பாதுகாப்புக்கு ஆபத்து வந்தால் மட்டும் நிறுத்தலாம். விலை அதிகம் என்பதற்காக நிறுத்திவிட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டக் கூடாது. தமிழ்நாட்டுச் சூரிய மின் நிலையங்கள் தொடுத்த வழக்கில் மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021-இல் இதைத் தெளிவாகச் சொல்லி, இழப்பீடும் தரச் சொன்னது. விலை எப்படி உறுத்தியது என்று பாருங்கள்: கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் வந்தபோது ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. அடுத்த ஆண்டே ராஜஸ்தானில் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. அப்போது பழைய ஒப்பந்தம் முள்ளாகக் குத்தும், குத்தத்தான் செய்யும். 2019-இல் ஆந்திர அரசு பழைய காற்று, சூரிய ஒப்பந்தங்களின் விலையைக் குறைக்க முயன்றது. உயர் நீதிமன்றம் 2022-இல் அதை ஏற்கவில்லை. ஸ்பெயின் நாடும் கொடுத்த விலையைப் பின்னோக்கி வெட்டி, ஆண்டுக்கணக்காக வழக்குகளில் சிக்கியது. விலையை மிகையாக வைத்தது தவறு என்றால் அதற்கு மருந்து, அடுத்த ஒப்பந்தத்துக்கு நல்ல விலை காண்பது. பழையதைக் கிழித்தால் அந்த நாலரை ரூபாய் மிச்சமாகும். அடுத்த ஆயிரம் மெகாவாட்டுக்கு நான் முதலில் சொன்ன 90 காசு வந்து ஏறிக்கொள்ளும்.

நல்ல விலை காணும் கருவியாக ஏலம் வந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் முதல் காற்றாலை ஏலத்தில் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. டிசம்பரில் குஜராத்தில் 2 ரூபாய் 43 காசு. அன்று நம் மாநிலம் கொடுத்துவந்த நிலையான விலை 4 ரூபாய்க்கு மேல். கொண்டாட வேண்டிய இறக்கம் என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் ஏலம் அறிவித்த உடனே மாநிலங்கள் பலவும் நிலையான விலையில் வாங்குவதை நிறுத்தின. ஏலத்தில் எடுத்தவர் கட்டி முடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். 2016-17-இல் 5,500 மெகாவாட் நிறுவிய நாடு அடுத்த ஆண்டில் 1,800-ஐக்கூடத் தொடவில்லை. இன்னொரு விளைவு பரவலாகக் கவனிக்கப்படவில்லை. நூற்றுக்கணக்கான மெகாவாட்டாக ஏலம் விட்டால் ஒரு மில் முதலாளியோ, நான்கு பேர் சேர்ந்த சிறு கூட்டோ உள்ளே வரவே முடியாது. வருகிற பெரிய நிறுவனங்களும் மிகச் சிறந்த காற்றும் மலிவான நிலமும் தேடிக் கட்ச் பகுதிக்கே போயின. குஜராத் நம்மை முந்திச் சென்றதில் இந்த விதிக்கும் பங்கு உண்டு. ஏலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியவற்றுக்கு ஏலமும், 25 மெகாவாட்டுக்குக் கீழே அந்த ஏலத்தின் விலையை ஒட்டிய நிலையான விலையும் இருந்தால் இரு சாராருக்கும் இடம் இருக்கும்.

இனி மின்வாரியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வாக்கைக் காப்பாற்ற வேண்டிய கை அதுதான். 2014 டிசம்பரில் கட்டணம் உயர்ந்த பின் 2022 செப்டம்பர் வரை உயரவே இல்லை. அந்த எட்டு ஆண்டுகளில் நிலக்கரி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, வட்டிச் சுமை ஏறியது. 2017-இல் உதய் திட்டத்தில் வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. அப்படியும் சேர்ந்த நட்டம் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிப் போனது. கையில் காசில்லாதவர் யாருக்கு முதலில் கொடுப்பார்? நிலக்கரிக்குப் பணம் போகாவிட்டால் ரயில் வராது, கப்பல் இறக்காது. காற்றுக்குப் பணம் போகாவிட்டாலும் ஆடியில் காற்று அடிக்கும், காற்றாலை சுற்றும், யூனிட் வந்து சேரும். அதனால் காற்றாலைக்காரர் வரிசையில் கடைசிக்குப் போனார். சீசனில் தந்த மின்சாரத்துக்கு ஓராண்டு கழித்தும் பணம் வராத காலங்கள் இருந்தன. வங்கித் தவணைக்கு ஓராண்டு தவணை கிடையாது.

இதற்கு வந்த தீர்வு 2022 ஜூனில் மத்திய அரசு போட்ட ஒரு விதி. பாக்கியைத் தவணையாகக் கட்டலாம், அதிகபட்சம் 48 மாதம். கட்டத் தவறினால் வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்க முடியாது. அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 13 மாநிலங்களுக்குச் சந்தைக் கதவு மூடப்பட்டது. பாக்கியைக் கட்டியதும் திறந்தது. நாடு முழுவதும் 1.3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் தேங்கிக் கிடந்த பழைய பாக்கி அதன் பிறகு கரையத் தொடங்கியது. இத்தனை ஆயிரம் மெகாவாட் என்ற இலக்குகள் பல ஆண்டுகளில் செய்யாததை, பணம் கொடுக்கும் தேதியைப் பற்றிய இந்த ஒரு விதி செய்தது. மாணவ நண்பர்கள் கொள்கை ஆய்வு செய்ய விரும்பினால், இலக்கு அறிவிப்புகளை விட்டுவிட்டு இப்படிப்பட்ட விதிகளைத் தேடிப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாரியத்தின் நிதி என்றதும் எல்லோரும் விவசாயியைக் கைகாட்டுவார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. 1970-இல் மின்கட்டணத்தில் சில பைசா உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயம்புத்தூர் நகரத்தைக் கட்டை வண்டிகள் நிறைத்தன. கிணற்றுத் தண்ணீர் ஆழம் போகப் போக, மேலே தூக்கும் செலவு விளைச்சலை விழுங்கிய காலம் அது. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது, உயிரைக் கொடுத்துப் பெற்ற உரிமை. அதுவும் ஒரு வாக்கு. காற்றாலைக்குக் கொடுத்த வாக்கு புனிதம், இதை மட்டும் கலைக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த வாக்கை மலிவாகவும் கரியில்லாமலும் நிறைவேற்ற இன்று வழியிருக்கிறது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாததால் கம்பியிழப்பும் திருட்டும்கூட விவசாயத்தின் பெயரில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு விவசாயியின் மோட்டாரிலும் மீட்டர் என்றால் அவர் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடரிலும் டிரான்ஸ்பார்மரிலும் மீட்டர் வைத்தால் அவர் கொட்டகைக்குள் யாரும் போக வேண்டியதில்லை, கணக்கும் வெளிச்சத்துக்கு வரும். பிறகு அந்த ஃபீடர் தொடங்கும் துணை மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே சூரியத் தகடுகளை நிறுத்தலாம். மகாராஷ்டிரம் 2017-இல் இதைத் தொடங்கி 2023-இல் விரிவாக்கியது. நிலம் தருபவருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் குத்தகை. தண்ணீர் பாய்ச்சுவது பகலில் நடக்கலாம் என்பதால் பேட்டரி வேண்டாம். மின்சாரம் பக்கத்திலேயே செலவாவதால் கம்பியிழப்பு குறைவு. இரவு இரண்டு மணிக்கு மூன்று பேஸ் வருகிறதென்று பாம்புக்கும் இருட்டுக்கும் பயந்து வரப்பில் நடந்த தலைமுறைக்கு, பகல் மின்சாரம் தனி மரியாதை. கிணறு தோறும் தனிச் சூரிய பம்பு தரும் திட்டத்தை விட இதை நான் மேலாகக் கருதுகிறேன். தனிப் பம்பு வெயில் உள்ளவரை இறைத்துக்கொண்டே இருக்கும். நம் பிர்க்காக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று ஏற்கெனவே நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்டவை. ஃபீடர் வழியில் நேரத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கும்.

கரிமத்துக்கு விலை வைப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். நாம் வைத்துப் பார்த்தோம். 2010-இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் வரி, 2016-இல் அது 400 ரூபாய். தூய எரிசக்தி நிதிக்கென்று வசூலித்தது, 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் கணக்கில் சேர்ந்தது. 2025-இல் அந்த வரி எடுக்கப்பட்டு நிலக்கரியின் ஜிஎஸ்டி 5-லிருந்து 18 விழுக்காடானது. டன்னுக்கு இவ்வளவு என்றிருந்த வரி விலைக்கு இவ்வளவு என்று மாறியதால், மட்டமான மலிவு நிலக்கரிக்குச் சுமை குறைந்தது. பணம் எதற்கென்று வசூலித்தோமோ அதற்குப் போயிருந்தால் புகளூரைப் போன்ற பாதைகள் பத்து ஆண்டு முந்தி வந்திருக்கும். பிரிட்டன் 2013-இல் மின் நிலையங்களின் கரிமத்துக்கு அடிமட்ட விலை வைத்தது. நிலக்கரி நிலையங்களை மூடும் கெடுவை 2015-இலேயே அறிவித்தது. 2012-இல் மின்சாரத்தில் 40 விழுக்காட்டை நிலக்கரியில் எடுத்த நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையத்தை மூடியது. ஒன்பது ஆண்டுகளில் பிரதமர்கள் பலர் மாறினார்கள், கெடு தள்ளிப்போகவில்லை.

நம் அடுத்த சிக்கல் மாலைப்பொழுது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். பகலில் வெயில் தாங்குகிறது. சூரியன் சாய்ந்த பின் வீடுகளில் ஏசி ஓடும்போது அதே வேகத்தில் நிலக்கரியை ஏற்ற வேண்டியிருக்கிறது. ஆழியாற்றுக்கு மேலே கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டுச் சுழலியை ஓட்டுவது. இரவில் ஏற்றியதை இனி நண்பகலில் ஏற்றலாம். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே போன்ற நிலையம் பல ஆண்டுகளாகக் கட்டப்பட்டு வருகிறது. பேட்டரி விலை இறங்கி வருவதால் துணை மின்நிலையம்தோறும் வைக்கும் காலமும் நெருங்கிவிட்டது. அதற்குமுன், மிகச் செலவு குறைந்த வேலை, பகலில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் கட்டணம் வைப்பது. 2023-இல் மத்திய விதி இதைக் கட்டாயமாக்கியது. தொழிற்சாலையின் குளிர்பதனக் கிடங்கும் சாயப்பட்டறையின் இயந்திரங்களும் நேரம் மாறினால் ஒரு அனல் நிலையம் குறையும்.

பழைய காற்றாலைகளுக்கு வருகிறேன். முப்பந்தலில் மிகச் சிறந்த காற்று வீசும் இடத்தில் இன்று நிற்பவற்றில் பல 1990-களின் 225, 250 கிலோவாட் சிறு இயந்திரங்கள். அவற்றை எடுத்துவிட்டு இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரங்களை உயர்ந்த கோபுரத்தில் நிறுத்தினால் அதே நிலத்தில் உற்பத்தி பலமடங்காகும். 2024-இல் மாநில அரசு இதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பழைய காற்றாலைக்கு பேங்கிங் உண்டு, புதிதாக மாற்றினால் அது போய்விடும் என்றால் யார் மாற்றுவார்? இயந்திரங்களுக்கிடையே புதிய இடைவெளி வேண்டுமென்றால் மூன்று பேர் நிலத்தில் ஒரு கோபுரம்தான் நிற்கும்; அவர்களுக்குள் பங்கு பிரிக்கும் வழியையும் கொள்கை சொல்ல வேண்டும். எளிய தீர்வு ஒன்று தோன்றுகிறது: பழைய இயந்திரம் ஆண்டுக்குச் சராசரியாகத் தந்த யூனிட்டுகளுக்கு மட்டும் பழைய பேங்கிங் தொடரட்டும், கூடுதலாக வரும் யூனிட்டுக்குப் புதிய விதி பொருந்தட்டும். உரிமையாளருக்கும் வாரியத்துக்கும் லாபம், யாருக்கும் கொடுத்த சொல் உடையாது.

கடைசியாக நெய்வேலி. 1962-இல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய முதல் அனல் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதற்கு ஈடாக 1,000 மெகாவாட் புதிய பழுப்பு நிலக்கரி நிலையம் வந்தது. அதுவும் ஒருநாள் நிற்கும். ஜெர்மனி 2019-இல் நிலக்கரிக் குழுவின் அறிக்கையைப் பெற்று, 2020-இல் சட்டம் இயற்றி, 2038-க்குள் மூடுவதென்றும் சுரங்கப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை தருவதென்றும் எழுதி வைத்தது. நெய்வேலியில் நிலம் கொடுத்த குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக நிரந்தர வேலை கேட்டு நிற்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு நிற்கிறார்கள். 2023-இல் நெய்வேலிப் பக்கம் வளையமாதேவியில், சுரங்கப் பணிக்காக, கதிர் விட்ட பயிருக்குள் மண்வாரி இயந்திரம் இறங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். இவர்களிடம் போய்ச் சுரங்கத்தை மூடினால் நல்லது நடக்கும் என்று சொன்னால் எதை நம்பி ஏற்பார்கள்? சுரங்கம் முடிந்த நிலத்தை எந்த ஆண்டுக்குள் சீர்செய்து யாரிடம் ஒப்படைப்பது, அங்கே வரும் சூரிய மின் நிலையத்தில் முதல் வேலை யாருக்கு, ஒப்பந்தத் தொழிலாளியின் பணிக்காலம் எந்தக் கணக்கில் சேரும், இவற்றுக்கான நிதி எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும் என்ற நான்கையும் மூடும் தேதிக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே சட்டமாக எழுத வேண்டும். அந்த வேலையை இப்போதே தொடங்கலாம். இந்தப் பல்கலைக்கழகத்தின் பொருளியல், சட்டத் துறைகள் சேர்ந்து அதன் முதல் வரைவை எழுத முன்வந்தால், என்னால் இயன்றதைச் செய்யக் காத்திருக்கிறேன்.